14 கணினி, 4 இடம்: அப்ளிகேஷன் விர்ச்சுவலைசேஷனில் எதை வாங்குவது?

காரைக்குடியில் பலகார வியாபாரம் செய்யும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கோட்டையூரில் உற்பத்திக் கூடம், செக்காலை ரோட்டில் தலைமைக் கடை, தேவகோட்டையிலும் மதுரையிலும் ஒவ்வொரு கிளை. எல்லாமாகச் சேர்த்து 14 கணினி. கணக்குக்கு டேலிபிரைம். பில் போட, அவருடைய அப்பச்சி 2006 வாக்கில் ஒருவரிடம் எழுதி வாங்கிய மென்பொருள். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் புதுக் கணினிகள் வாங்கினார்கள். அவற்றில் பழைய பில்லிங் ஏறவில்லை. நான்கு இடத்துக் கணக்கும் ஒரே இடத்தில் வேண்டும் என்பதும் அவர் தேவை. "அப்ளிகேஷன் விர்ச்சுவலைசேஷன் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று ஒரு விற்பனையாளர் சிட்ரிக்ஸுக்கு விலை கொடுத்திருக்கிறார். இன்னொருவர் ஆப்-வி என்கிறார். மூன்றாமவர் டிஎஸ்பிளஸ் என்கிறார். "அண்ணே, இதில் எது நல்லது?" என்கிறார் தம்பி.

தம்பி, அந்த மூன்று விலைப்பட்டியலையும் முதலில் ஓரமாக எடுத்து வையுங்கள். அவை ஒரே சரக்குக்கு மூன்று பேர் சொன்ன விலை இல்லை. அப்ளிகேஷன் விர்ச்சுவலைசேஷன் என்ற இந்த ஒரு பெயருக்குள் இரண்டு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால், எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் உங்கள் கடைக்கு உதவாது.

முதல் வேலை, மென்பொருளைப் பொட்டலம் கட்டுவது. ஒரு மென்பொருளை நிறுவும்போது அது கணினியில் பல இடங்களில் கை வைக்கிறது. கோப்புகளை எங்கெங்கோ போடுகிறது, விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது, எழுத்துருவை ஏற்றுகிறது. அத்தனையையும் பிடித்து ஒரே கட்டாகக் கட்டி, "இதுதான் உன் சி டிரைவ், இதுதான் உன் ரெஜிஸ்ட்ரி" என்று அந்த மென்பொருளை நம்பவைத்து ஓட்டுவது இந்த முறை. ஓடுவது உங்கள் மேசைக் கணினியில்தான். ஆப்-வி, தின்ஆப், எம்எஸ்ஐஎக்ஸ் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது வேலை, மென்பொருளை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு திரையை மட்டும் கிளைகளுக்கு அனுப்புவது. சிட்ரிக்ஸ், மைக்ரோசாஃப்டின் ரிமோட்ஆப், பேரலல்ஸ் ராஸ், டிஎஸ்பிளஸ், அசூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் எல்லாம் இந்த வகை. நம் ஊர்க்காரர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாளில் பேரேடும் பெட்டகமும் அங்கேயே, ஏஜெண்டின் பொறுப்பில் இருந்தன. ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கடிதத்தில் கணக்கு மட்டும் வரும். இதுவும் அப்படித்தான். தேவகோட்டையில் தட்டுகிற எழுத்து காரைக்குடி சர்வருக்குப் போகிறது, அங்கே மாறிய திரை தேவகோட்டைக்கு வருகிறது. தரவு நகர்வதே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு வேறு நோய்கள் இருப்பது தெரியும். பழைய பில்லிங் புது விண்டோஸில் ஏறவில்லை என்பது ஒன்று. நான்கு இடத்துக் கணக்கும் ஒரே இடத்தில் வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பொட்டலம் உதவலாம். இரண்டாவதற்கு அது உதவவே உதவாது.

முதல் நோயை முதலில் பார்ப்போம். அதற்கு நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டியதே இல்லாமல் போகலாம்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் எழுதப்பட்ட பில்லிங் மென்பொருள்களில் பல, விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற நிரல்மொழியில் எழுதி, தரவை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸின் எம்டிபி கோப்பில் வைத்தவை. விபி6 வந்தது 1998-இல். அதில் எழுதியவை ஓடத் தேவையான அடிப்படை ரன்டைம் கோப்புகளை விண்டோஸ் 11-இலும் மைக்ரோசாஃப்ட் சேர்த்தே தருகிறது. ஆகவே "பழசு, இனி ஓடாது" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். பெரும்பாலும் தடுப்பது இரண்டு சங்கதிதான். ஒன்று, கட்டம் போட்ட பட்டியல் காட்டும் ஓசிஎக்ஸ் கோப்புகள். அவை விண்டோஸோடு வருவதில்லை. பழைய கணினியிலிருந்து எடுத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்வாவ்64 கோப்புறையில் போட்டு, நிர்வாகி உரிமையோடு ரெஜ்எஸ்விஆர்32 கட்டளையால் பதிவு செய்தால் பல மென்பொருள்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். இரண்டாவது, மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்துகொண்டு அங்கேயே தரவையும் எழுதப் பார்ப்பது. இப்போதைய விண்டோஸ் அதை விடாது. சில நேரம் விடுவது போலக் காட்டிவிட்டு, ஒவ்வொரு பயனருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற தனிக் கோப்புறையில் எழுதி வைக்கும். மென்பொருளை சி டிரைவில் பில்லிங் என்று தனிக் கோப்புறை போட்டு அங்கே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பில்லிங் கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவாக இருந்தால் கதை வேறு. 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள் ஓடாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. எந்தப் பொட்டல முறையும் இதை மாற்றாது, ஏனென்றால் பொட்டலத்துக்குள் இயங்குதளம் இல்லை. அப்போது பழைய டாஸ் கணினி போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போல ஒன்றோ, பழைய 32 பிட் விண்டோஸ் ஏற்றிய விர்ச்சுவல் மெஷினோ (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) தான் வழி. அந்த மெஷினை இணையத்தோடு இணைக்கவே கூடாது.

சரி, ஓசிஎக்ஸ் எல்லாம் பதிந்தும் ஏறவில்லை, அல்லது ஒவ்வொரு கணினியிலும் இந்த வேலையைச் செய்ய முடியாது என்றால் பொட்டலத்துக்கு வரலாம்.

ஆப்-வி, மைக்ரோசாஃப்ட் 2006-இல் சாஃப்ட்ரிசிட்டி நிறுவனத்தை வாங்கியதால் வந்தது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து அதன் கிளையன்ட் (மேசைக் கணினியில் ஓடும் பகுதி) எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கடையில் இருப்பது ப்ரோ பதிப்பு, அதில் இல்லை. அதன் சர்வர் பகுதி சேர்ந்திருந்த எம்டாப் என்ற மென்பொருள் தொகுப்புக்கு ஆதரவு முடியும் தேதி 2026 ஏப்ரல் 14 என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. புதிதாகத் தொடங்குகிறவர் அந்த வண்டியில் ஏற வேண்டாம். இதை உங்களிடம் ஒருவர் விற்கப் பார்த்தார் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எம்எஸ்ஐஎக்ஸ், 2018-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த புதுப் பொட்டல வடிவம். நிறுவுவதும் நீக்குவதும் சுத்தமாக நடக்கும். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சான்றிதழால் கையெழுத்திட வேண்டும். நிறுவிய கோப்புறைக்குள் மென்பொருள் எதையும் எழுத முடியாது. நம் பழைய பில்லிங் செய்வதே அதைத்தான். பேக்கேஜ் சப்போர்ட் ஃப்ரேம்வொர்க் என்று ஒன்றைச் சேர்த்துத் திருப்பிவிடலாம். ஆனால் அதற்கு நிரல் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். புதிதாக எழுதும் மென்பொருளுக்கு இது நல்ல வழி, 2006 சரக்குக்கு இல்லை.

தின்ஆப்தான் இந்த வேலைக்குப் பல வருடமாக எனக்குப் பிடித்த கருவி. முதலில் தின்ஸ்டால் என்ற பெயரில் இருந்தது. விஎம்வேர் 2008-இல் வாங்கியது. பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிறகு அந்தப் பிரிவு தனியே விற்கப்பட்டு, இப்போது ஆம்னிசா என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சுத்தமான கணினியை ஒரு முறை படம் பிடித்து, மென்பொருளை நிறுவி, மறுபடி படம் பிடித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொட்டலம். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு இஎக்ஸ்இ கோப்பு. பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய் இருமுறை சொடுக்கினால் ஓடும். எதையும் நிறுவ வேண்டாம்.

இதில் நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் ஒரு ஜவுளிக் கடைக்கு இப்படித்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டு கவுண்டர், இரண்டிலும் அழகாக ஓடியது. பத்து நாள் கழித்து கடைக்காரர் கூப்பிட்டார். இரண்டு கவுண்டரிலும் 412 என்ற ஒரே பில் எண், வேறு வேறு சேலைக்கு. நான் செய்த தவறு, தரவுக் கோப்பு இருந்த கோப்புறையையும் "எழுதினால் நகல் எடு" என்ற முறையில் விட்டுவிட்டது. ஒவ்வொரு கவுண்டரும் எழுதத் தொடங்கியதும் தின்ஆப் தரவை நகல் எடுத்து, அந்தந்தக் கணினியின் சாண்ட்பாக்ஸ் கோப்புறையில் தனித்தனியாக வைத்துக்கொண்டது. இரண்டு கடைகள் போலக் கணக்கு ஓடியிருக்கிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பில்களை ஒன்றாகச் சேர்த்தோம். நல்ல வேளையாக யாரும் "மென்பொருள் மெதுவாக இருக்கிறது" என்று அந்த சாண்ட்பாக்ஸை அழிக்கவில்லை. அழித்திருந்தால் அந்தப் பத்து நாள் வியாபாரமும் போயிருக்கும். பொட்டலம் கட்டினால் தரவு மட்டும் பொட்டலத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கட்டிக் கொடுப்பவர் கட்டி முடித்ததும், ஒரு பில் போட்டுவிட்டு எம்டிபி கோப்பின் தேதியும் நேரமும் மாறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. டிரைவர் தேவைப்படும் எதையும் பொட்டலத்துக்குள் அடைக்க முடியாது. பிரின்டர் டிரைவர், யுஎஸ்பி பூட்டு, கையெழுத்து டோக்கன் எல்லாம் நேராகக் கணினியில்தான் ஏற வேண்டும். இது எல்லாப் பொட்டல முறைக்கும் பொது.

இப்போது இரண்டாவது நோய்க்கு வருவோம். உண்மையில் உங்கள் பணமும் நேரமும் போக வேண்டிய இடம் இதுதான்.

நான்கு இடத்திலும் ஒரே பில்லிங் என்றதும் பலருக்குத் தோன்றுவது, எம்டிபி கோப்பை காரைக்குடியில் ஷேர் செய்துவிட்டு கிளையிலிருந்து விபிஎன் (இணையத்துக்குள் போடும் பூட்டிய தனிப் பாதை) வழியாகத் திறப்பது. வேண்டாம். எம்டிபி ஒரு கோப்பு, சர்வர் இல்லை. ஒரு பில்லைத் தேட, கோப்பின் பகுதிகள் லைனில் போய் வர வேண்டும். நடுவில் இணைப்பு ஒரு விநாடி விட்டுப் பிடித்தால் கோப்பே கெட்டுப்போகலாம். திரையை அனுப்பும் முறையில் மென்பொருளும் கோப்பும் ஒரே சர்வரில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தேவகோட்டை லைன் அறுந்தால் திரை மறையும். மறுபடி வந்ததும் பாதி போட்ட பில் அப்படியே நிற்கும். டேலியையும் திரையாக அனுப்பச் சொல்வது இதே காரணத்துக்குத்தான்.

இந்த வகையில் சிட்ரிக்ஸ் மூத்தது. 1989-இல் தொடங்கிய நிறுவனம். வின்ஃபிரேம், மெட்டாஃபிரேம், பிரசன்டேஷன் சர்வர், ஸென்ஆப் என்று பெயர்கள் மாறி இப்போது விர்ச்சுவல் ஆப்ஸ். மோசமான லைனிலும் திரையை இழுத்துக்கொண்டு வரும் திறமை அதற்கு உண்டு. வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றது. 2022-இல் கைமாறியபின் சந்தா முறையில், பெரிய வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்தே விற்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆளும் வேண்டும். உங்கள் அளவுக்கு அது வேண்டாம், தம்பி. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், சுருக்கமாக ஆர்டிஎஸ். விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து அதில் ரிமோட்ஆப் இருக்கிறது. முழு டெஸ்க்டாப்பும் வராமல் டேலி ஜன்னல் மட்டும் கிளைக் கணினியில் திறக்கும். கவுண்டரில் இருப்பவருக்கு அது சர்வரில் ஓடுகிறது என்றே தெரியாது. உங்கள் அளவுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் உரிமத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். இங்கேதான் நம் ஊரில் அதிகம் ஏமாறுகிறோம்.

சர்வர் உரிமம் தனி, சர்வரை அணுகும் அனுமதிச் சீட்டான கேல் தனி, அதற்கு மேல் ஆர்டிஎஸ் கேல் தனி. ஆர்டிஎஸ் கேல் இல்லாமலேயே 120 நாள் ஓடும். அந்த 120 நாளைக் காட்டியே "எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்புறம், கேல் இரண்டு வகை. ஆளுக்கு ஒன்று, அல்லது கணினிக்கு ஒன்று. தேவகோட்டையில் ஒரு கடைக்கு ஒரு விற்பனையாளர் ஆள் கணக்கில் கேல் விற்றார். ஆனால் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் போடாமல், கணினிகள் தனித்தனியாக நிற்கும் ஒர்க்குரூப்பாகவே விட்டுவிட்டார். சர்வர் 2019-இலிருந்து அந்தச் சேர்க்கை செல்லாது. முதல் நான்கு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு உள்ளே நுழைந்தவுடன் ஒரு செய்தி வரும், 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும் என்று. சொன்னபடியே துண்டிக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் அது. மணிக்கு ஒரு முறை பில் போடுகிற பெண் மறுபடி நுழைந்துகொண்டிருந்தார், எதிரே வரிசை நின்றுகொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய உரிமம், வகை மாறியதால் பயனில்லாமல் போனது.

உங்களுக்குக் கணினிக் கணக்கில் கேல் போதும். ஒரே கவுண்டரில் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் உட்காருகிறார்கள். ஆள் கணக்கில் போனால் கூடத்தான் ஆகும். ரிமோட்ஆப்பை முறைப்படி வெளியிட டொமைன் வேண்டும். அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டாம். ஸ்டாண்டர்டு உரிமத்தில் ஒரே பெட்டியில் 2 விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். ஒன்றில் டொமைன், இன்னொன்றில் ஆர்டிஎஸ். சர்வர் 2022-க்கு 2019 கேல் செல்லாது. பழைய கேல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

டிஎஸ்பிளஸ் பிரெஞ்சு நிறுவனத்துடையது. ஆர்டிஎஸ் செய்வதை எளிய அமைப்பில் தருகிறது. உலாவியிலிருந்தே திறக்கலாம், பிரின்டர் ஏற்பாடும் வசதியாக இருக்கிறது. மென்பொருளாக நல்ல மென்பொருள். ஆனால் "இதைப் போட்டால் மைக்ரோசாஃப்ட் கேல் வேண்டாம்" என்று அதன் விற்பனையாளர் உங்களிடம் சொன்னது சரியில்லை. விண்டோஸ் சர்வரின் திரையை எந்த மென்பொருள் வழியாகப் பகிர்ந்தாலும் ஆர்டிஎஸ் கேல் வேண்டும் என்பதே மைக்ரோசாஃப்டின் உரிம விதி. சாதாரண விண்டோஸ் 11 ப்ரோவில் பல பேரை நுழைய வைப்பதும் அந்த உரிமத்துக்குள் வராது. பேரலல்ஸ் ராஸ், முன்பு 2எக்ஸ் என்ற பெயரில் இருந்ததை 2015-இல் பேரலல்ஸ் வாங்கியது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கில் உரிமம். 30, 40 பேர், இரண்டு மூன்று சர்வர் என்று வளரும்போது அதைப் பார்க்கலாம்.

இனி மேகத்துக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு. அசூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப், 2019-இல் வேறு பெயரில் வந்து 2021-இல் இந்தப் பெயர் பெற்றது. இந்தியாவில் புனே, சென்னை, மும்பையில் அசூர் மையங்கள் இருக்கின்றன. அமேசானின் ஆப்ஸ்ட்ரீம் (2025-இல் வொர்க்ஸ்பேசஸ் அப்ளிகேஷன்ஸ் என்று பெயர் மாறியது) இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் மையங்கள். பெரும்பாலும் ஓடும் நேரத்துக்குத்தான் வாடகை. கடை மூடியதும் நிறுத்திவிடலாம். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் பெரிய மெஷினாக மாற்றிக்கொள்ளலாம். உங்களைப் போல வருடத்தில் ஒரு மாதம் மட்டும் கூட்டம் நெரியும் வியாபாரத்துக்கு இது பெரிய வசதி. இருந்தும் உங்களுக்கு நான் இப்போதைக்கு இதைச் சொல்ல மாட்டேன். தலைமைக் கடையிலும் கோட்டையூரிலுமே பாதிக்கு மேல் கணினிகள் இருக்கின்றன. சர்வர் செக்காலை ரோட்டில் இருந்தால், வெளி லைன் அறுந்தாலும் தலைமைக் கடை பில் போட்டுக்கொண்டே இருக்கும். சர்வர் சென்னையில் இருந்தால் எல்லாக் கடையும் ஒன்றாக நிற்கும்.

பிற்பாடு மேகத்துக்குப் போக நினைத்தால், முதலில் உங்கள் லைனிலிருந்து அந்த மையத்துக்குப் போய்வரும் நேரத்தை அளந்து பாருங்கள். 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. காலை பத்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். நீங்கள் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்திருந்தால் இன்னொன்றும் உண்டு. கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022-இல் கம்பெனி விதி திருத்தப்பட்டது. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டேலி உரிமம்: சில்வர் ஒருவருக்கானது. பலர் ஒரே சர்வரில் நுழைந்து பயன்படுத்த கோல்டு வேண்டும். உங்களிடம் கோல்டு இருக்கிறது என்றீர்கள், நல்லது. சர்வரில் எக்செல் வேண்டுமென்றால் கடையில் வாங்கும் சாதாரண ஆபீஸ் அங்கே ஓடாது. மைக்ரோசாஃப்ட் 365-இல் பிசினஸ் பிரீமியத்துக்கு அந்த அனுமதி உண்டு, பிசினஸ் ஸ்டாண்டர்டுக்கு இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது. ஆனால் கடை ஓடுமா நிற்குமா என்பதை முடிவு செய்வது இவைதான்.

பிரின்டர். உங்கள் தேவகோட்டைக் கடையில் இருப்பது டாட் மேட்ரிக்ஸ். ஆர்டிஎஸ் தானாகக் கொண்டுவரும் ஈசி பிரின்ட் முறை, பக்கத்தைப் படமாக்கி அனுப்புகிறது. டாட் மேட்ரிக்ஸ் எழுத்தாக அடித்தால் சடசடவென்று ஒரு பில் முடிந்துவிடும். படமாக வந்தால் ஊசி ஒவ்வொரு புள்ளியாகக் குத்திக்கொண்டு, ஒரு பில்லுக்கு வாடிக்கையாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். அந்த முறையை நிறுத்திவிட்டு, பிரின்டரின் சொந்த டிரைவரை சர்வரிலும் ஏற்ற வேண்டும். பழைய பில்லிங் நேராக எல்பிடி1 என்ற பழைய பிரின்டர் போர்ட்டுக்கு அடிப்பதாக இருந்தால் அந்த போர்ட்டைத் திருப்பிவிட வேண்டும். தெர்மல் பிரின்டரில் வேறு சங்கடம். தாள் அளவு சரியாகப் போகாமல் ஏ4 என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வரி பில்லுக்கு ஒரு முழம் தாள் ஓடும்.

தமிழ் எழுத்துரு. பில்லில் மனகோலம், சீடை, தேன்குழல் என்று தமிழில் வருகிறதே, 2006 மென்பொருள் என்றால் அது யூனிகோடாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாமினி போலப் பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு சர்வரில் இல்லாவிட்டால் பில்லில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். எழுத்துருவை சாதாரணமாக நிறுவினால் இப்போதைய விண்டோஸ் அதை நிறுவிய ஒருவருக்கு மட்டுமே ஏற்றும். "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிர்வாகி நுழைந்து பார்க்கும்போது தமிழ் நன்றாகத் தெரியும், கவுண்டர் பெண் நுழைந்தால் தெரியாது. இதற்கு அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் நீங்கள் செருகும் அந்த யுஎஸ்பி டோக்கனை சர்வரில் செருகிவிட்டு மதுரையிலிருந்து ரிமோட்டில் நுழைந்தால், அது கண்ணில் படாது. ரிமோட்டில் நுழைந்தவருக்கு அவர் கையருகே இருக்கும் கணினியில் செருகிய கார்டுகள்தான் தெரியும். ஆர்டிபி என்ற இந்த ரிமோட் இணைப்பு முறை அப்படித்தான் வேலை செய்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் எங்கே உட்காருகிறாரோ அங்கேயே டோக்கன் இருக்கட்டும். அந்த வேலைக்கு சர்வரே தேவையில்லை, அவர் கணினியில் உலாவி போதும்.

பார்கோடு ஸ்கேனர் விசைப்பலகை போலத்தான், எந்தத் தொல்லையும் தராது. எடைத் தராசை காம் போர்ட் வழியாக பில்லிங்கோடு சேர்த்திருந்தால் போர்ட்டைத் திருப்பலாம். ஆனால் எடை ஒரு நொடி தாமதமாக வருவது கூட்ட நேரத்தில் எரிச்சல். வாங்குமுன் ஒரு கிலோ கல்லை வைத்துப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்து "எங்கிருந்து வேண்டுமானாலும் நுழையலாம்" என்று அமைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் அப்படித் திறந்து கிடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் டேலி கோப்புறை முழுக்க வேறு பெயரில் பூட்டிக் கிடக்கிறது, நடுவில் பணம் கேட்டு ஒரு கடிதம். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கும் அதே கணினியில் செருகியே இருந்ததால் அதுவும் போயிற்று. நெல் கொடுத்த விவசாயிகளுக்கு எவ்வளவு பாக்கி என்பதை அந்த ஆலையின் கணக்குப்பிள்ளை கைச்சிட்டைகளைப் பார்த்து மூன்று வாரம் எழுதினார். அந்த மனிதரின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் எந்த மென்பொருளை வாங்கினாலும், கிளைகள் விபிஎன் வழியாக மட்டுமே வர வேண்டும். இல்லையென்றால் ரிமோட் இணைப்புக்கு வாயிற்காவலாக நிற்கும் ஆர்டி கேட்வே வழியாக, இரண்டடுக்குச் சரிபார்ப்போடு. தவறான கடவுச்சொல் ஐந்து முறை போட்டால் கணக்கு பூட்ட வேண்டும். பேக்கப் டிஸ்க் எடுத்து முடித்ததும் கழற்றி வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆகவே நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். செக்காலை ரோட்டில் ஒரு சர்வர், நல்ல யுபிஎஸ்ஸோடு. அதில் ஆர்டிஎஸ், டேலியும் பில்லிங்கும் அதிலேயே. பில்லிங்கைப் பொட்டலம் கட்ட வேண்டாம். ஒரே சர்வரில் ஒரு முறை ஓசிஎக்ஸ் பதிந்தால் எல்லாக் கிளைக்கும் சேர்த்தே வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் முதல் நோய்க்கும் இரண்டாவது நோய்க்கும் இந்த ஒரு மருந்தே போதும் என்கிறேன். தேவகோட்டைக்கும் மதுரைக்கும் ஃபைபரோடு கூட சிம் போடும் ரவுட்டர் ஒன்று இரண்டாவது லைனாக. அதுவும் போனால் கவுண்டருக்கு அடியில் அச்சடித்த கை பில் புத்தகம், தனி வரிசை எண்ணோடு. இணையப் பக்கங்கள் மட்டும் பார்க்கும் கணினிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

அதோடு கூட, அந்த எம்டிபியிலிருந்து தரவை வெளியே எடுத்துப் புதிய பில்லிங்குக்கு மாறும் வேலையையும் இந்த வருடமே தொடங்குங்கள். எம்டிபி கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது. எழுதியவர் இல்லாத மென்பொருளை இன்னும் எத்தனை தீபாவளிக்கு இழுக்க முடியும்? அப்பச்சி அதைப் பார்த்துப் பார்த்து எழுதி வாங்கியது எனக்கும் தெரியும். அவர் வைத்த பொருள் பட்டியலும் விலைக் கணக்கும் புதியதிலும் அப்படியே வரும்.

பணம் கட்டுமுன் ஒரே ஒரு சோதனை. விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம், 180 நாள் ஓடும். உங்களிடம் சும்மா கிடக்கும் ஒரு கணினியில் ஏற்றி, பில்லிங்கின் நகல் ஒன்றை அதில் வைத்து, கடை விடுமுறை நாளில் தேவகோட்டைக் கவுண்டரிலிருந்து விபிஎன் வழியாக நுழைந்து மூன்று பில் அடியுங்கள். மூன்றிலும் தமிழ்ப் பெயர் உள்ள பொருள் இருக்கட்டும், ஒன்றில் தராசு எடையும் இருக்கட்டும். ஒரு பில் அடித்து முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து, அந்த மூன்று தாளையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தெந்தக் கணினியில் டேலியோ பில்லிங்கோ திறக்கிறீர்கள் என்ற பட்டியலும் கூடவே வந்தால், எத்தனை கேல் என்று எண்ணிச் சொல்லிவிடுகிறேன்.